புற்றுநோயாளரும் பேசும் பொறியும்

குட்டிக்கானத்தினின்று கட்டப்பனைக்குச் செல்லும் மலைவழியில் அமைந்துள்ள ஊர் ஏலப்பாறை. பெயரைக் கேட்டவுடன் ஏலக்காயின் மணம் நினைவுக்கு வருமெனினும், ஊரைச் சூழ்ந்து பசுமை விரித்துக் கிடப்பவை தேயிலைத் தோட்டங்களே. அத்தோட்டங்களில் கொழுந்து பறிக்கவும் காடு திருத்தவும் மதுரை, திருநெல்வேலி முதலிய சீமைகளிலிருந்து தமிழ் மக்கள் மலையேறி வந்து பல தலைமுறைகள் கடந்துவிட்டன. 1956-ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டபோது பீர்மேடு வட்டம் கேரள மாநிலத்தில் நின்றது. 1972-ஆம் ஆண்டில் இடுக்கி மாவட்டம் தோன்றியபோது அதன் பகுதியாயிற்று. இன்றும் லயங்களில் தமிழ் ஒலிக்கிறது. மலையிறங்கிச் சென்றால் ஆஸ்பத்திரியில் மலையாளம் ஒலிக்கிறது. மருந்துச் சீட்டில் ஆங்கிலம் இருக்கிறது.

அத்தகைய லயம் ஒன்றில் வாழும் ஒரு மூதாட்டியை நாம் மனக்கண்ணால் காண்போம். அவர் கற்பனை மாந்தரே. ஆனால் அவருடைய நிலை கற்பனையன்று. மார்பில் தோன்றிய புற்றுநோய்க்காக அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்து முடிந்தது. பின்னர், கீமோதெரபி எனப்படும் மருந்தேற்றுச் சிகிச்சைக்காக மூன்று வாரத்திற்கொருமுறை மலையிறங்கிச் சென்று வருகிறார். மருந்து ஏறிய பத்தாம் நாள் இரவு. வெளியே மஞ்சு மூடியிருக்கிறது. மூதாட்டிக்கு உடம்பு காந்துகிறது, இலேசாக நடுங்குகிறது. உடனே ஜீப் பிடித்து இறங்குவதா, காலையில் பார்த்துக்கொள்ளலாமா? இறங்கினால் வாடகை கொடுக்கவேண்டும். மகளுக்கு ஒரு நாள் கூலி போகும். இறங்காவிட்டால் என்ன ஆகும் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பேரனின் கையில் கைப்பேசி இருக்கிறது. எந்த வினாவுக்கும், எந்த நேரத்திலும், தமிழிலேயே விடை கூறும் பொறி ஒன்று அதில் இருக்கிறது. அவன் அதனிடம் கேட்கிறான்.

அந்தப் பொறி என்ன விடை கூறவேண்டும்? அது கூறும் விடையை நம்பலாமா? இக்கட்டுரையில் நாம் ஆராயப்புகும் பொருள் இதுவே. சாட்பாட் என்று உலகம் வழங்கும் உரையாடு பொறிகள் இன்று புற்றுநோய் மருத்துவத்திலும் புகுந்துள்ளன. அவற்றால் விளையும் நன்மை எத்துணை, அவற்றின் எல்லை எது என்பதைத் தமிழகத்திற்கு வெளியே வாழும் நாம் சற்றுக் கூடுதலாகவே அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில், தாய்மொழியில் ஐயம் கேட்க ஆள் கிடைக்காத இடத்தில்தான் பொறியின் குரல் மிக இனிமையாகக் கேட்கும்.

பொறி பேசுவது எவ்வாறு?

பேசும் பொறி புத்தம் புதியதன்று. அமெரிக்காவிலுள்ள மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோஸப் வைஸன்பாம் என்ற அறிஞர் 1966-ஆம் ஆண்டில் ‘எலைஸா’ என்னும் கணிப்பொறி நிரலைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அது மனநல மருத்துவர் ஒருவரைப் போல வினவும். ஒருவர் தமக்குத் துயரமாயிருக்கிறதென்று எழுதினால், அத்துயரம் எப்போது தொடங்கியதென்று திருப்பிக் கேட்கும். எழுதியவரின் சொற்களையே சற்று மாற்றிப் போட்டுக் கேள்வியாக்கித் தருவதன்றி, அதற்கு வேறு அறிவு கிடையாது. அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை உடனிருந்து கண்ட அவருடைய செயலாளரே, அதனுடன் சில நிமிடம் உரையாடியபின், தாம் தனியே பேசவேண்டும் என்றும், வைஸன்பாம் அறையைவிட்டு வெளியேற வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாராம். மனிதர் மனம் எவ்வளவு எளிதில் பொறியை நண்பராகக் கொண்டுவிடுகிறது என்று கண்டு வைஸன்பாம் திடுக்கிட்டார். 1976-ஆம் ஆண்டில் அதைப் பற்றி எச்சரித்து ஒரு நூலே எழுதினார்.

இன்றுள்ள உரையாடு பொறிகளை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல்வகைப் பொறிக்கு வினாக்களும் விடைகளும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். மருத்துவர் சரிபார்த்து வைத்த விடையைத்தான் அது எடுத்துக் கூறும். தெரியாத வினா வந்தால் தெரியாதென்று நின்றுவிடும். இரண்டாம் வகைப் பொறி 2022-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலியவற்றால் உலகெங்கும் பரவியது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப்பின் எந்தச் சொல் வருதல் பொருந்தும் என்று கணித்து, விடையை அவ்வப்போது தானே புனைந்து தருவது அது.

இவ்விரண்டாம் வகையின் தன்மையை விளக்க ஓர் உவமை கூறலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஊருக்குக் கடிதம் எழுதித் தருபவர்கள் முன்னாளில் இருந்தார்கள். ஆயிரம் கடிதம் எழுதிக் கைபழகியவர் தாம் எழுதும் குடும்பத்தைக் கண்டறியாவிட்டாலும், ‘இங்கு யாவரும் நலம்’ என்று தாமாகவே தொடங்கிவிடுவார். நடை வழுவாது, கையெழுத்தும் அழகாயிருக்கும், ஆனால் அந்த வீட்டில் ஒருவர் நோயுற்றுக் கிடப்பது அவருக்குத் தெரியாது. புதிய பொறியும் அவ்வாறே. அதன் நடையில் தடுமாற்றம் இராது. அறிந்ததைக் கூறும்போதும் அறியாததைக் கூறும்போதும் அதன் குரல் ஒன்றே.

கண்டறியப்பட்ட நன்மைகள்

இப்பொறிகளால் நன்மையே இல்லை என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. பிரான்சு நாட்டில் மார்பகப் புற்றுநோயாளருக்கென ‘விக்’ என்னும் உரையாடு பொறி உருவாக்கப்பட்டது. அது மேலே கூறிய முதல்வகையைச் சார்ந்தது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் 142 நோயாளிகளைக்கொண்டு ஒரு சோதனை நடந்தது. ஒரு சாராருக்குப் பொறியின் விடைகள் தரப்பட்டன. மற்றொரு சாராருக்கு மருத்துவர் குழுவின் விடைகள் தரப்பட்டன. எது எவருடையது என்பது அவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. போதிய தகவல் கிடைத்தது என்று நோயாளிகள் மதிப்பிட்ட அளவு பொறியினிடத்து 69 விழுக்காடு. மருத்துவரிடத்து 64 விழுக்காடு. பொறியின் விடை மருத்துவர் விடைக்குத் தாழ்ந்ததன்று என்பதே 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு. ஆனால் இதில் அளக்கப்பட்டது தகவல் பற்றிய மனநிறைவேயன்றி நோய் தீர்ந்ததா என்பதன்று. இவ்வேறுபாட்டை நேயர்கள் மறத்தல் கூடாது.

அதே 2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து மற்றோர் ஆய்வு வெளிவந்தது. புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த இளைஞர் 45 பேர் அதில் பங்குகொண்டனர். ‘விவிபாட்’ என்னும் பொறி அவர்களுடன் நான்கு வாரம் உரையாடி, மனத்தைத் தேற்றும் சிறு பயிற்சிகளைக் கற்பித்தது. அவர்களிடம் மனக்கலக்கம் சற்றுத் தணிந்ததற்கான அறிகுறி தென்பட்டது. உறுதியான முடிவுக்கு வர அந்தச் சோதனை மிகச் சிறியது. ஆயினும் அது வழிகாட்டுகிறது.

இவ்விரண்டினும் நம் கருத்தைக் கவரவேண்டியது மூன்றாவதொரு சான்று. அது உரையாடு பொறியைப் பற்றியதன்று. அதற்கு நெருங்கிய உறவுடைய ஒரு முறையைப் பற்றியது. நியூயார்க் நகரத்து மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், நோய் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய நிலையில் மருந்தேற்றுச் சிகிச்சை பெற்ற 766 நோயாளிகள் ஆராயப்பட்டனர். ஒரு பகுதியினர் வலி, குமட்டல், மூச்சுத்திணறல் முதலிய பன்னிரண்டு தொல்லைகளைப் பற்றிய வினாக்களுக்குக் கணினி வழியே தாமே விடையளித்து வந்தார்கள். தொல்லை கடுமையாயின், அல்லது முன்னினும் மிகுந்தால், உடனே செவிலியருக்குச் செய்தி சென்றது. செவிலியர் தொலைபேசியில் அழைத்து ஆவன செய்தார்கள். மற்றப் பகுதியினர் வழக்கமான முறையில் மருத்துவரைக் கண்டபோது தம் குறைகளைக் கூறினார்கள். 2017-ஆம் ஆண்டில் வெளியான முடிவு உலக மருத்துவர்களை நிமிர்ந்து பார்க்கச் செய்தது. இடைநிலை வாழ்நாள் வழக்கமான முறையினருக்கு 26 மாதம். தாமே அறிவித்து வந்தவர்களுக்கு 31.2 மாதம்.

புதிய மருந்து எதுவும் கொடாமலே ஏறத்தாழ ஐந்து மாதம் கூடியது எவ்வாறு? கணினி கேட்டது, நோயாளி கூறினார், செவிலியர் செயற்பட்டார். தொல்லை முற்றுவதற்கு முன்னரே அது கவனிக்கப்பட்டது. இம்மூன்றில் எது இல்லையாயினும் பயன் விளைந்திராது. பொறியின் வேலை கேட்பதும் சேர்ப்பிப்பதுமே என்பதையும், விடை காணவேண்டியவர் மனிதர் என்பதையும் இச்சான்று தெளிவாகக் காட்டுகிறது.

தவறு நேரும் இடம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலுள்ள பிரிகம் பெண்கள் மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள், மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் ஆகிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்களுக்குரிய சிகிச்சையைப் பற்றி சாட்ஜிபிடியிடம் 104 வினாக்களைக் கேட்டார்கள். ஆய்வு 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பொறி அளித்த விடைகளில் பெரும்பாலானவை சரியான சிகிச்சை ஒன்றையேனும் குறிப்பிட்டிருந்தன. ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகளில், மருத்துவ நெறிமுறைக்கு ஒவ்வாத சிகிச்சையும் சரியானதோடு கலந்து கிடந்தது. நூற்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவில், நெறிமுறையில் எங்குமே காணப்படாத சிகிச்சையைப் பொறி தானே புனைந்து கூறியது. முற்றிலும் தவறான விடையை நாம் எளிதில் ஐயுற்று விலக்கிவிடலாம். சரியும் தவறும் ஒரே வாக்கியத்தில் பிணைந்து வரும்போது, மருத்துவம் பயிலாதவர் பிரித்தறிதல் அரிது. பொறிகள் அதற்குப்பின் வெகுவாகத் திருந்தியிருப்பினும், அறியாததையும் உறுதியுடன் கூறிவிடும் இயல்பு அவற்றை விட்டு முழுதும் நீங்கிவிடவில்லை.

இப்போது ஏலப்பாறை மூதாட்டியிடம் திரும்புவோம். அவருக்கு ஏற்றப்பட்ட மருந்து விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குவது. புற்றுநோய் அணுக்களோடு எலும்பின் உட்சோற்றில் பிறக்கும் வெள்ளணுக்களும் அதனால் குறைகின்றன. மருந்தேற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை அவை மிகவும் தாழ்ந்திருப்பது பெரும்பான்மை. வெள்ளணுக்களே நோய்க்கிருமிகளை எதிர்க்கும் படை. படை குன்றிய நாளில் கிருமி புகுந்தால் சீழும் வீக்கமும்கூடத் தோன்றாமல், காய்ச்சல் ஒன்றே அடையாளமாக நிற்கக்கூடும். சில மணி நேரத்தில் நச்சு குருதியெங்கும் பரவி உயிருக்கே இறுதி நேரலாம். ஆகையால், மருந்தேற்றுச் சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அளவை எட்டினால், அது இரவானாலும் பகலானாலும் உடனே மருத்துவமனையை அடையவேண்டிய நிலை என்பது மருத்துவ உலகின் பொது விதி.

பிறருக்கு வரும் காய்ச்சலுக்கு, ஒரு பாரஸிட்டமால் மாத்திரை விழுங்கி ஓய்வெடுத்தால் போதும் என்பது பெரும்பாலும் நல்ல யோசனையே. அந்த நல்ல யோசனை இம்மூதாட்டிக்கு எமனாகும். மாத்திரை வெப்பத்தைத் தணித்து அடையாளத்தை மறைத்துவிடும். உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். பேரன் ‘பாட்டிக்குக் காய்ச்சல், என்ன செய்யலாம்?’ என்று மட்டும் கேட்டு, அவர் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பதைக் கூறாது விட்டால், பொறி பொதுவான விடையையே கூறும். அவ்விடையில் பிழையில்லை; வினாவில்தான் குறை. மருத்துவரோ செவிலியரோ ஆயின், வேறு என்ன நோய், என்ன மருந்து, கடைசியாக எப்போது மருந்தேறியது என்று குறுக்குக் கேள்விகள் கேட்டிருப்பார். எனவே, புற்றுநோயாளருக்கென ஆக்கப்படும் பொறி முதலில் கற்கவேண்டியது விடை கூறுவதையன்று. சரியான குறுக்குக் கேள்வி கேட்பதையே.

பனியும் காய்ச்சலும்

மொழியால் விளையும் இடர் ஒன்றுண்டு. வேறு மாநிலங்களில் வாழ்பவர்களுக்கு அது நன்கு தெரியும். மலையாளத்தில் காய்ச்சலுக்குப் ‘பனி’ என்று பெயர். ‘பனி உண்டோ?’ என்று செவிலியர் கேட்டால், ஏலப்பாறையிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் புரிந்துகொள்வார். ஊரிலிருந்து துணைக்கு வந்த உறவினரோ, மலையில் இறங்கும் பனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று எண்ணித் தலையசைப்பார். மலையாளத்தில் ‘சர்தி’ போன்று ஒலிக்கும் சொல் வாந்தியைக் குறிப்பது. மும்பையிலும் டில்லியிலும் வாழ்பவர்களின் காதில் விழும் இந்தியின் ‘சர்தி’யோ சளிப் பிடிப்பைக் குறிப்பது. ஒலி ஏறத்தாழ ஒன்று, நோய் வேறு.

நம் மொழிக்குள்ளும் நுட்பங்கள் பல. வலியைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள்! குத்துகிறது, கடுக்கிறது, எரிகிறது, உளைகிறது, இழுக்கிறது, சுண்டுகிறது, தெறிக்கிறது, மதமதவென்றிருக்கிறது என்று பாமர மக்கள் பிரித்துப் பேசுவார்கள். மருத்துவருக்கு இவை அணிகளல்ல, அடையாளங்கள். எரிவதும் மரத்துப்போவதும் நரம்பு பாதிக்கப்பட்டதைக் காட்டலாம். அதற்குரிய மருந்து வேறு. எல்லாவற்றையும் ‘வலி’ என்ற ஒரே சொல்லில் அடக்கி ஆங்கிலத்தில் பெயர்த்து எண்ணும் பொறி, நோயாளி கூறியதில் பாதியை வழியிலேயே சிந்திவிடும். ‘மேலுக்கு முடியவில்லை’ என்ற பேச்சையும் ‘உடம்பு காந்துகிறது’ என்ற பேச்சையும் காய்ச்சலாக இருக்கலாமென்று அது ஐயுறவேண்டும். வெப்பமானி வைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘ஸாரா’ என்னும் உரையாடு பொறியை எட்டு மொழிகளில் வெளியிட்டபோது இந்திக்கு அதில் இடமிருந்தது, தமிழுக்கு இல்லை. ஆயினும் நம் நாட்டில் முயற்சி நடவாமல் இல்லை. இந்திய அரசு 2022-ஆம் ஆண்டில் ‘பாஷிணி’ என்னும் மொழிபெயர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ஏ.ஐ.ஃபார்.பாரத் ஆராய்ச்சிக் குழுவினர் இந்திய மொழிகளில் பேச்சை எழுத்தாக்கவும் எழுத்தைப் பேச்சாக்கவும் கருவிகள் ஆக்கி வருகின்றனர். அவற்றின் துணைகொண்டு 2023-ஆம் ஆண்டில் ‘ஜுகல்பந்தி’ என்னும் பொறி வெளிவந்தது. சிற்றூர் மக்கள் அரசாங்கத் திட்டங்களைப் பற்றித் தம் மொழியிலேயே வாட்ஸாப் வழியாகக் கேட்டறிய அது உதவியது. எழுத்தறியாதவரும் வாயாற் பேசி விடைபெறலாம் என்பது இதன் சிறப்பு. இதே வழி மருத்துவத்திற்கும் திறக்கக்கூடியதே.

மறைவாகக் கேட்க விரும்பும் வினாக்கள்

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. நோயின் பெயரை நோயாளியிடம் கூறமாட்டார்கள். ‘கட்டி’ என்பார்கள், ‘புண்’ என்பார்கள். அன்பினால் செய்வதுதான். ஆயினும் நோயாளி அறியாமலிருப்பதில்லை; அறிந்தும் அறியாதவர்போல் இருந்துவிடுகிறார். தலைமயிர் மீண்டும் முளைக்குமா, கணவர் அருகில் படுத்தால் நோய் தொற்றுமா, என் மகளுக்கும் இது வருமா, மருந்தை நிறுத்திவிட்டால் எத்தனை நாள் இருப்பேன் என்னும் வினாக்களை மகனிடம் கேட்க நாணம். மருத்துவரிடம் கேட்க அச்சம். இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் அயலாராயின் இரண்டும். அப்படிப்பட்டவருக்குப் பொறி ஓர் ஆறுதல். அது முகம் சுளிக்காது, நேரமில்லை என்னாது, நூறு முறை கேட்டாலும் சலிக்காது. புற்றுநோய் தொட்டாற் பரவும் நோயன்று என்ற ஓர் உண்மையை இரவில் தனிமையில் ஒரு தாய் கேட்டறிந்து, மறுநாள் பேரப்பிள்ளையை அஞ்சாமல் அணைத்துக்கொண்டால், அந்த அளவில் அப்பொறி பிறவிப்பயன் பெற்றது என்றே கூறலாம்.

ஆனால் நாணயத்தின் மறுபுறத்தையும் காணவேண்டும். மறைக்கப்பட்ட செய்தியை, மருத்துவ அறிக்கையின் சில சொற்களைக்கொண்டு பொறி திடுமென வெளிப்படுத்திவிடலாம். மருத்துவர் கெட்ட செய்தியைக் கூறுமுன் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறார், எவ்வளவு தாங்குவார் என்று அளக்கிறார், கையைப் பற்றிக்கொள்கிறார். பொறிக்கு முகம் தெரியாது. பற்றக் கையும் இல்லை. இதற்குப் பரிகாரம் பொறியைத் தடுப்பதன்று; வீட்டிலும் மருத்துவமனையிலும் உண்மையைப் பரிவோடு பேசும் வழக்கத்தை வளர்ப்பதே. மனிதர் பேசாமல் விட்ட இடத்தில்தான் பொறி பேசத் தொடங்குகிறது.

பொறிக்குப் பின்னால் மனிதர்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் நிறைவுறும் இடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துள்ளார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணிபுரிவோர் என்பன அவை. உரையாடு பொறி இந்நான்கனுள் எதில் அடங்கும்? அது மருத்துவர் ஆகாது, மருந்தும் ஆகாது. அருகிலிருந்து பணிபுரிவோருக்குக் கையாளாக நிற்பது ஒன்றே அதற்குத் தகுந்த இடம். ஆகவே அத்தகைய பணியாளர் இருக்கின்றார்களா என்பதுதான் முதற் கேள்வி.

இவ்வகையில் தென்னாடு பேறுபெற்றது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து எழுந்த உறுதியின் பயனாக, 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் 1981-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. கோழிக்கோட்டில் 1993-ஆம் ஆண்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், அண்டை அயலாரையே தொண்டர்களாக்கி, நோயாளியின் வீட்டு வாயிலுக்கே மருத்துவத்தைக் கொண்டுசென்றது. 2008-ஆம் ஆண்டில் கேரள அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்று அறிவித்தது. இதன் பயனாக, பஞ்சாயத்தும் ஆரம்பச் சுகாதார நிலையமும் இணைந்து செவிலியரை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு அம்மாநிலத்தில் வேரூன்றியுள்ளது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2019-ஆம் ஆண்டில் ‘கேவட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கேவட் என்றால் ஓடக்காரர். பெரிய மருத்துவமனையில் திசை தெரியாமல் நிற்கும் நோயாளியைக் கரைசேர்க்கும் வழிகாட்டிகளை அத்திட்டம் பயிற்றுவிக்கிறது.

இத்தகைய மனித வலையோடு பிணைக்கப்பட்டால் பொறி பெரும் பயன் தரும். ஏலப்பாறை மூதாட்டியிடம் நாள்தோறும் மாலையில் தமிழில் ‘உடம்பு சுட்டதா? வாந்தி எத்தனை முறை? சாப்பாடு இறங்கியதா?’ என்று அது கேட்கட்டும். விடையைச் செவிலியருக்கு மலையாளத்தில் சேர்ப்பிக்கட்டும். வெப்பம் 38 டிகிரியைத் தொட்டால், ஆறுதல் கூறி நேரம் போக்காமல், செவிலியரின் தொலைபேசியை ஒலிக்கச் செய்யட்டும். வீணான பயணம் ஏழைக்குக் கூலியிழப்பு. வேண்டிய பயணத்தைத் தாமதித்தல் உயிரிழப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவதே அப்பொறியின் கடமை. மறுமுனையில் மனிதர் இல்லாத பொறியோ, பதில் வாராத ஊருக்குப் போடும் கடிதம் போன்றது.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

கைப்பேசியில் இப்பொறிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. எவரும் நம் அனுமதியைக் கேட்கவில்லை. ஆகவே சில நெறிகளை மனத்திற் கொள்வோம்.

முதலாவது, மருந்தேற்றுச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புமுன், ‘இரவில் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது?’ என்று மருத்துவமனையில் கேட்டு, அந்த எண்ணைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தல் வேண்டும். வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கவேண்டும். கடுங்காய்ச்சல், மூச்சுத்திணறல், நிற்காத இரத்தப்போக்கு, அறிவு தடுமாறுதல் ஆகியவற்றுக்குப் பொறியிடம் யோசனை கேட்டுக்கொண்டிருத்தல் கூடாது. மருத்துவமனையை அழைத்துப் புறப்படவேண்டும். பல மாநிலங்களில் 108 என்ற எண்ணில் ஆம்புலன்ஸ் வண்டி கிடைக்கும்.

இரண்டாவது, பொறியை விடை பெறுவதற்கு அன்றி, வினாக்களைத் திரட்டுவதற்குப் பயன்படுத்துவது நலம். மருத்துவரைக் காணும் நேரம் சில நிமிடமே. கேட்கவேண்டியவற்றை முந்தின நாள் பொறியின் உதவியால் வரிசைப்படுத்தி, அந்த ஊர் மொழியில் எழுதி எடுத்துச் சென்றால், பெங்களூரிலோ புனேயிலோ உள்ள மருத்துவரும் எளிதில் விளங்கிக்கொள்வார்.

மூன்றாவது, நோயைப் பற்றிக் கேட்கும்போது புற்றுநோய் எந்த உறுப்பில், என்ன சிகிச்சை, கடைசியாக எந்த நாளில் என்பவற்றைக் கூறிக் கேட்டல் வேண்டும். ஆனால் பெயர், ஆதார் எண், முகவரி ஆகியவற்றைக் கூறவேண்டியதில்லை. பொறியினிடம் உரைத்தது எங்கோ ஓரிடத்தில் சேமிக்கப்படுகிறது. 2023-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எனினும் முதற் காவல் நம் வாய்தான்.

நான்காவது, பொறி கூறியதை நம்பி மருந்தை நிறுத்துவதோ, மாற்றுவதோ, புதிதாக ஒன்றை உட்கொள்வதோ அறவே கூடாது. பச்சிலையாயினும் இதுவே விதி. பொறி கூறியதைச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ வெளிப்படையாகக் காட்டிக் கேட்டலில் வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை.

ஐந்தாவது, மனம் சோர்ந்து உயிர் வெறுக்கும் நிலை வந்தால் நாடவேண்டியது மனிதரின் குரலை. இந்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்த மாநிலத்திலிருந்தும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

மூதாட்டியின் கதையை முடித்துவிடுவோம். பேரன் பொறியிடம் கேட்டான். அது நன்கு பயிற்றப்பட்ட பொறியாயின், ‘பாட்டிக்கு வேறு ஏதேனும் சிகிச்சை நடக்கிறதா?’ என்று திருப்பிக் கேட்டிருக்கும். அவன் உண்மையைச் சொன்னதும், வேறொன்றும் கூறாமல், ‘இப்பொழுதே மருத்துவமனையை அழையுங்கள், காலைவரை காத்திருக்க வேண்டாம்’ என்று சொல்லி நின்றிருக்கும். அதன்பின் அந்த இரவில் வேண்டியவர்கள் வேறு சிலர்: கதவைத் தட்டினால் எழுந்து வரும் பக்கத்து வீட்டார், மஞ்சில் வண்டியோட்டத் தெரிந்த ஜீப்புக்காரர், விழித்திருக்கும் செவிலியர், நரம்பின் வழியே மருந்து ஏற்றும் மருத்துவர். இவர்களைச் சேர்த்துவைப்பது சமுதாயத்தின் கடமை. அந்தக் கதவைத் தட்டச் சொல்வதே பொறியின் கடமை.